விசிறியின் வால்

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. இன்டர்நெட் கிடையாது. செல்போன் வாசலிலேயே நின்றுவிடும். பென்டிரைவைச் செருகினால் கம்ப்யூட்டர் அதை ஏறெடுத்தும் பார்க்காது. இத்தனை காவலையும் தாண்டி, நான்கு மாதத்தில் மூன்று கேள்வித்தாள்கள் வெளியே போயிருந்தன. போன வழி யாருக்கும் தெரியவில்லை. அதனால் உள்ளே உட்கார்ந்திருந்த வசந்தியைத் திருடி என்று சொல்லிவிட்டார்கள்.

குஷாய்குடாவில் வசந்தியின் வீட்டுக்கு வேதா போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. மே மாத வெயில் படிக்கட்டு வரை கூடவே ஏறி வந்தது. எதிர் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. வசந்தி வெளியே வந்து வரவேற்றதும் அது சாத்திக்கொண்டது. அந்த வீட்டுப் பெண் நர்ஸ் தேர்வுக்கு ஒரு வருஷமாகப் படித்தவள். முப்பத்தெட்டாயிரம் பேர் எழுதவேண்டிய அந்தத் தேர்வு, தாள் வெளியாகி, தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் ரத்தானது.

வேதாவுக்கு ஐம்பது வயது. கொள்ளுத்தாத்தா ரயில்வேயில் கார்டாக வந்து இறங்கிய காலத்திலிருந்து குடும்பம் செகந்திராபாத்தில்தான். மெட்டுகுடாவில் ஒரு தையல் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம். அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் சொல்கிறவர்களைப் பிடித்துக் கொடுத்தவள். ஆகவே உண்மை சொல்கிறவர்களைப் பார்த்தால் அவளுக்கு உடனே தெரிந்துவிடும். வசந்தி சொல்வது உண்மை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. அந்த உண்மையை இன்ஸ்பெக்டரின் மேஜையில் எந்த உருவத்தில் வைப்பது என்பதுதான் தெரியவில்லை. நாளை மறுநாள் கைது செய்துவிடுவதாக அவர் சொல்லியிருந்தார்.

கூட வந்தவன் அய்யாக்கண்ணு. சிவகங்கைக்காரன். கொண்டாப்பூரில் ஒரு பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பராமரித்துக்கொண்டிருந்தான். ஆட்குறைப்பில் வேலை போயிற்று. வாய் மட்டும் தப்பிவிட்டது. இரண்டு வருஷமாக வேதாவின் உதவியாளன்.

வசந்தியின் வேலை இதுதான். கொண்டாப்பூரில் சம்பூர்ணா தேர்வுச் சேவை என்றொரு நிறுவனம். வெளியிலிருந்து வரும் கேள்விகளை அந்த ஜன்னலில்லாத அறையில் வசந்தி தாளாகத் தட்டச்சு செய்வாள். முடிந்ததும் ஒரு பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டுவாள். பூட்டிய ஃபைல் சிடியில் ஏறி அச்சகத்துக்குப் போகும். வழியில் பத்துப் பேர் கையில் அது கிடைக்கலாம். சாவி இல்லாமல் யாராலும் திறக்க முடியாது. தேர்வுக்கு முதல் நாள் வசந்தியே அச்சகத்துக்குப் போய்த் திறந்து கொடுப்பாள். ஒவ்வொரு தாளுக்கும் புதுச் சாவி. எதையும் எங்கும் எழுதி வைத்ததில்லை. ஏழு வருஷம் இப்படியே நடந்தது.

“பெட்டி ஊரெல்லாம் சுத்துது, சாவி ஒருத்தர் மண்டைக்குள்ள இருக்கு. பெட்டி திறந்து கிடந்தா, போலீஸ்காரர் மண்டையைத்தானே தட்டிப் பாப்பாரு மேடம்” என்றான் அய்யாக்கண்ணு.

வேதா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தண்ணீர் குடிக்கப் போனான்.

அவள் நோட்டில் நான்கு மாதங்களை வரிசையாக எழுதினாள். பிப்ரவரித் தாள் வெளியானது. மார்ச் தாள் வெளியானது. ஏப்ரல் தாள் தப்பித்தது. மே மாத நர்ஸ் தாள் வெளியானது. பிப்ரவரிக்கு முன்னால் ஒன்றுகூட வெளியானதில்லை. அப்படியானால் பிப்ரவரியில் அந்த அறைக்குள் புதிதாக ஏதோ வந்திருக்க வேண்டும். நாற்காலியா, கீபோர்டா, புது ஆளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வசந்தி எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். வேறு ஏதாவது சின்னப் பொருளா என்ற கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே பதில் வரவில்லை. ஹாலின் மூலையில் பேப்பரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த கணவர் சீதாராமனை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

வேதா எழுந்து அவளைச் சமையலறைக்குள் அழைத்துப் போனாள்.

அங்கே மெல்லச் சொன்னாள் வசந்தி. அவளுக்கு நாற்பத்தேழு முடிந்துவிட்டது. ஜனவரியிலிருந்து திடீர் திடீரென்று உடம்பு தீப்பிடித்த மாதிரி கொதிக்கும். ஏசி ஓடும்போதே முதுகு நனைந்துவிடும். ரிசப்ஷனில் இருக்கும் சின்னப் பெண்ணைத் தவிர ஆபீஸ் முழுக்க ஆண்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பிரசாத்தான் கவனித்திருக்கிறான். ஒன்றும் கேட்காமல், மறுநாள் ஒரு சின்ன விசிறியைக் கொண்டுவந்து கொடுத்தான். கம்ப்யூட்டரின் யுஎஸ்பி ஓட்டையில் செருகினால் ஓடும் விசிறி.

“தங்கமான தம்பி மேடம். எனக்குக் கூடப்பிறந்தவங்க இல்ல. அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு” என்றாள்.

வேதா எழுதுவதை நிறுத்தினாள். விசிறி எங்கே என்று கேட்டாள். வேலையிலிருந்து நிறுத்தி வைத்த அன்றைக்கு, சாப்பாட்டுப் பையோடு அதையும் எடுத்துவந்திருந்தாள் வசந்தி. படுக்கையறை அலமாரியிலிருந்து ஹாலுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளங்கை அகலம், ரோஸ் நிறம்.

சீதாராமன் அப்போதுதான் பேப்பரைக் கீழே வைத்தார். பக்கத்து மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாக சர்க்யூட் பலகைகளைச் சோதிப்பவர். பெண்டாட்டியைப் பற்றி அக்கம்பக்கத்தில் பேசுவது காதில் விழுந்த நாளிலிருந்து அவர் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து விசிறியைத் திறந்தார். நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

ஒரு மோட்டார். ஒரு ஸ்விட்ச். இரண்டு ஒயர். அவ்வளவுதான்.

“நல்ல குடும்பத்து விசிறி மேடம்” என்றான் அய்யாக்கண்ணு. “ஒரு கெட்ட பழக்கமும் இல்லை.”

சீதாராமன் ஒவ்வொரு திருகாணியையும் பொறுமையாக மறுபடி பூட்டினார். தப்பான மரத்தில் ஏறிவிட்டோமோ என்று வேதாவுக்குத் தோன்றியது.

அந்த நேரத்தில் மாடியில் யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள். ஹாலில் எரிந்துகொண்டிருந்த விளக்கு ஒரு கணம் மங்கித் தெளிந்தது.

“எங்க ரூம்லயும் இப்படித்தான்” என்றான் அய்யாக்கண்ணு. “ஓனரம்மா கிரைண்டர் போட்டா என் பல்பு ஒரு மாதிரி அழும், மிக்ஸி போட்டா வேற மாதிரி அழும். நாளைக்கு இட்லியா சட்னியான்னு பல்பைப் பாத்தே சொல்லிடுவேன்.”

வேதா சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

“திரும்பச் சொல்லு.”

“இட்லியா...”

“அது நக்கோ, அது வேணாம். பல்பு.”

அவன் முகத்திலும் சிரிப்பு போய்விட்டது. அவனுக்குத் தெரிந்த தொழில்தான் இது. பத்து நிமிஷம் அவன் பேச, வேதா கேட்டுக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் அடுத்தடுத்து இரண்டு யுஎஸ்பி ஓட்டைகள் இருக்கும். ஒன்றில் கீபோர்டு, இன்னொன்றில் விசிறி. உள்ளே இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்துதான் கரண்ட். கீபோர்டில் ஒரு எழுத்தைத் தட்டினால், பக்கத்து ஓட்டையில் வரும் கரண்ட் மயிரிழை அளவுக்கு ஆடும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஆட்டம் ஒவ்வொரு தினுசு. அந்த ஆட்டத்தைப் பிடித்து வைக்க அங்கே ஏதாவது ஒன்று உட்கார்ந்திருந்தால், என்ன எழுத்தைத் தட்டினார்கள் என்று பிறகு கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். ஆபீஸில் பென்டிரைவ் வேலை செய்யாதபடி தடை போட்டிருந்தார்கள். அந்தத் தடை தகவலுக்குத்தான். கரண்டுக்கு இல்லை.

“வாயைக் கட்டிட்டாங்க மேடம். மூக்கு திறந்தே கிடக்கு. ஆனா ஆட்டத்தைப் பிடிக்க ஒரு சில்லாவது வேணும். இந்த விசிறிதான் பச்சப்புள்ளையா இருக்கே.”

வேதா நோட்டைப் பார்த்தாள். பிப்ரவரி, மார்ச், மே. நடுவில் ஏப்ரல் மட்டும் பிழைத்திருந்தது. ஏப்ரலில் விசிறி ஓடவில்லையா என்று வசந்தியிடம் கேட்டாள். ஓடியது என்றாள் வசந்தி. ஏப்ரலில்தானே வெயில் கொளுத்தியது. அந்தத் தாள் அடித்த வாரம் என்ன நடந்தது, ஒன்று விடாமல் சொல்லச் சொன்னாள் வேதா. கேன்டீன் மூடியிருந்தது. மேனேஜர் நாராயணஸ்வாமி லீவில் இருந்தார். மேஜை டிராயரின் சாவி தொலைந்துபோய் நாலு நாள் திறக்க முடியவில்லை.

“டிராயர்ல என்ன இருந்துச்சு?”

“டிபன் ஸ்பூன், மாத்திரை, விசிறியோட கேபிள். ரிசப்ஷன்ல இருந்த பொண்ணுகிட்ட அவ கேபிளைக் கடன் வாங்கித்தான் அந்த வாரம் விசிறி போட்டேன் மேடம்.”

சீதாராமன் ஸ்க்ரூடிரைவரை மேஜைமேல் வைத்த சத்தம் கேட்டது.

அதே அறை, அதே விசிறி, அதே வசந்தி. கேபிள் மட்டும் வேறு. தாள் பத்திரமாக இருந்தது. சொந்தக் கேபிள் திரும்பி வந்ததும் தாளும் வெளியே போயிற்று. விசிறி குற்றவாளி அல்ல. அதன் வால்தான்.

கேபிளை வசந்தி வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. நிறுத்தி வைத்த அன்றைக்கு அதைக் கழற்ற நேரம் தரவில்லையாம். விசிறியை மட்டும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். கேட்டில் கொடுத்த சீட்டைக் காட்டினாள். ‘விசிறி 1’ என்று மட்டும் எழுதி முத்திரை குத்தியிருந்தது. அன்று மாலையே போலீஸ் அந்த அறைக்கு சீல் வைத்துவிட்டது. அப்படியென்றால் கேபிள் இன்னும் அந்தக் கம்ப்யூட்டரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். கொடுத்தவனாலும் போய் எடுத்திருக்க முடியாது.

வேதா அங்கேயே நின்றபடி இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள். மூன்று மணிக்கு அறையைத் திறக்க அவர் சம்மதித்தார். வசந்தியும் வரவேண்டும் என்றார். போனை வைத்ததும் வசந்தி வேதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, விட்டுவிடுவார்களா என்று கேட்டாள்.

“ஹவ், ஆமா. இன்னிக்கே” என்றாள் வேதா.

பிறகு எத்தனையோ தடவை அவள் நினைத்து நினைத்து வெந்த வார்த்தைகள் அவை.

மூன்று மணிக்கு கொண்டாப்பூரில், அந்த ஜன்னலில்லாத அறையின் வாசலில் எல்லாரும் கூடினார்கள். இன்ஸ்பெக்டர் சீலைப் பார்த்து, படம் எடுத்து, உடைத்தார். மேனேஜர் நாராயணஸ்வாமி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிரசாத்தும் வந்திருந்தான். முப்பது வயதிருக்கும், அடக்கமான முகம். வசந்தியைப் பார்த்ததும், சாப்பிட்டீங்களாக்கா என்று கேட்டான்.

கேபிள் இருந்த இடத்திலேயே இருந்தது. கீபோர்டுக்குப் பக்கத்து ஓட்டையில் செருகி, வெள்ளையாக, ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கியது. இன்ஸ்பெக்டர் கையுறை போட்டு அதை எடுத்து மேஜைமேல் வைத்தார். வேதா காலையிலிருந்து நடந்ததைச் சொன்னாள். நான்கு மாதத்தையும் சொன்னாள், ஏப்ரலைச் சொன்னாள், மங்கிய விளக்கைச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் கெட்டிக்காரர், குறுக்கே இரண்டே கேள்விதான் கேட்டார். பிறகு ஆபீஸ்காரர் ஒருவரின் கேபிளை வாங்கி, இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தார். வசந்தியின் கேபிள் தலை கனத்தது. அய்யாக்கண்ணுவிடம் கையுறையைக் கொடுத்து, பிளேடால் அந்தத் தலையைக் கீறச் சொன்னார். ஒரு கான்ஸ்டபிள் அதை வீடியோ எடுத்தார்.

வெள்ளை ரப்பர் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே, ஒரு கேபிளுக்குள் இருக்க எந்த நியாயமும் இல்லாத ஒரு பச்சைச் சில்லு, சுண்டுவிரல் நகத்தளவு.

“பிடிச்ச ஆட்டத்தை அப்பப்போ ரேடியோவில வெளிய அனுப்பிடும் சார்” என்றான் அய்யாக்கண்ணு. “ரொம்ப தூரம் போகாது. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போகும்.”

சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு பேரின் மேஜைகள். அதில் ஒன்று பிரசாத்துடையது. வேதா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அந்தச் சில்லை எட்டிப் பார்த்து, அடப்பாவமே என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். கேபிள் யாருடையது என்று பொதுவாகக் கேட்டார்.

“என்னோடதுதான் சார்” என்றாள் வசந்தி. கொஞ்சமும் யோசிக்கவில்லை. அவள் முகம் தெளிந்திருந்தது; தான் விடுதலையாகிக்கொண்டிருப்பதாகவே நம்பினாள். “பிரசாத் தம்பி குடுத்தது.”

பிரசாத் நிமிர்ந்தான். அவன் குரலில் கோபமே இல்லை.

“நானா? என்னக்கா சொல்றீங்க? உள்ள வர்ற பொருளுக்கெல்லாம் ரிஜிஸ்டர் இருக்கு சார். பாத்துடலாமே.”

ரிஜிஸ்டர் வந்தது. நாராயணஸ்வாமி பக்கங்களைப் புரட்டினார். பிப்ரவரி பதினொன்று. ‘யுஎஸ்பி விசிறி 1, கேபிள் 1. சொந்த உபயோகம்.’ கொண்டுவந்தவர் என்ற இடத்தில் வசந்தியின் பெயர் இருந்தது. கையெழுத்தும் அவளுடையதே.

வெளியே போன சீட்டைப் பார்த்த வேதா, உள்ளே வந்த ரிஜிஸ்டரைக் கேட்க நினைக்கவே இல்லை.

வசந்தி மெல்லச் சொன்னாள். அவன்தான் அப்படி எழுதச் சொன்னான். அவன் பேரில் எழுதினால், அந்த அக்காவுக்கு ஏன் வாங்கித் தந்தாய் என்று ஆபீஸில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். உங்கள் பேரிலேயே எழுதிவிடுங்கள் என்றான். தனக்கும் அது நல்லதாகப் பட்டது. சொல்லும்போதே அவள் குரல் தேய்ந்துகொண்டே போனது. கேட்கிறவர்கள் முகத்தைப் பார்த்து, தான் சொல்வது எப்படி ஒலிக்கிறது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

வேதா விடவில்லை. பிப்ரவரி மாத கேமரா பதிவு வேண்டும் என்றாள். முப்பது நாளுக்கு மேல் வைப்பதில்லை என்றார் நாராயணஸ்வாமி. கேபிளில் கைரேகை எடுக்கச் சொன்னாள். நாலு மாதமாக அதைத் தினமும் செருகிப் பிடுங்கியவர் வசந்திதானே என்றார் இன்ஸ்பெக்டர். சில்லு அனுப்பியதைச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் பிடித்தார்கள் என்று கம்ப்யூட்டரில் ஏதாவது பதிவாகியிருக்குமா என்று அய்யாக்கண்ணுவைக் கேட்டாள்.

“கரண்டுக்கு ரிஜிஸ்டர் கிடையாது மேடம்” என்றான். அவன் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் வேதாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் பார்வையில் இரக்கம் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“இவங்கதான் செஞ்சாங்கன்னு எனக்குச் சந்தேகம் மட்டும்தான் இருந்தது மேடம். எப்படிச் செஞ்சாங்கன்னு சொல்ல என்கிட்ட ஒண்ணுமே இல்லை. கோர்ட்ல ஒரு வாரம் நின்னிருக்காது. இப்போ வழியும் இருக்கு, பொருளும் இருக்கு, கையெழுத்தும் இருக்கு.”

எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்தவள் வேதாதான் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிரசாத்தையும் விசாரிப்பதாகச் சொன்னார். பிரசாத் எப்போது வேண்டுமானாலும் வருவதாகச் சொல்லி, போன் நம்பரை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். திறந்திருந்த கதவு வழியே, அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவது தெரிந்தது. வேதா பார்த்துக்கொண்டு நின்றாள். பத்தடி தூரம்கூட இல்லை. அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்த அவளிடம் ஒரு நூல்கூட இல்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் வசந்தியின் பக்கம் தள்ளினார். நர்ஸ் தாளுக்குப் போட்ட பாஸ்வேர்டை அதில் எழுதித் தரச் சொன்னார். சில்லிலிருந்து ஏதாவது எடுக்க முடிந்தால் ஒப்பிட வேண்டும். பிறகு ஸ்டேஷனுக்குப் போகலாம்.

வசந்தி பேனாவை எடுத்தாள். எழுதவில்லை. நாராயணஸ்வாமியை நிமிர்ந்து பார்த்தாள்.

“சார், எழுதலாமா? யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு ரூல் இருக்கே.”

நாராயணஸ்வாமி ரிஜிஸ்டரை மூடினார். அய்யாக்கண்ணு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். இன்ஸ்பெக்டர்கூடப் பேனா மூடியைத் திருகுவதை நிறுத்திவிட்டார். அந்த ஒரு கேள்வியைத் தூக்கி எந்த நீதிபதி முன்னால் வைக்க முடியும் என்று வேதா தேடிப் பார்த்தாள். வழியே இல்லை.

“எழுதும்மா” என்றார் நாராயணஸ்வாமி கடைசியில், தரையைப் பார்த்தபடி.

வசந்தி தாளைத் தன் பக்கம் இழுத்தாள். அடுத்தவர் கண்ணில் படாதபடி இடது கையை வளைத்து மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதத் தொடங்கினாள்.